ஒரு சின்ன 'ஜி'யும் 63 எழுத்துகளும்



உங்களில் பலர் இன்று மென்பொருள் வேலையில் இருக்கிறீர்கள். ஜாவாஸ்கிரிப்டில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதி, ஒரு சொல்லைத் தேடி இன்னொன்றாக மாற்றுவது உங்களுக்கு அன்றாட வேலை. எந்த விதியைப் படித்தாலும் "இது எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள் என வகுப்பில் சொல்வேன். இதற்கும் அதைக் கேட்டுப் பார்ப்போம்.

கதை கணினியில் தொடங்கவில்லை, மூளையில் தொடங்குகிறது. 1943-ல் மெக்கல்லக், பிட்ஸ் என்ற இருவர் நரம்பு செல்களின் செயல்பாட்டைத் தர்க்கக் கணிதமாக எழுதினார்கள். அப்படிப்பட்ட வலைப்பின்னலால் எந்தெந்த வரிசைகளை அடையாளம் காண முடியும் என்று 1951-ல் ஆராய்ந்தவர் ஸ்டீபன் கிளீனி என்ற அமெரிக்கக் கணித அறிஞர். 'ரெகுலர்' என்ற பெயர் அவர் வைத்ததுதான். 'வராமலும் இருக்கலாம், எத்தனை முறையும் வரலாம்' என்பதற்கு நீங்கள் போடும் நட்சத்திரக் குறிக்கு இன்றும் கிளீனி நட்சத்திரம் என்றே பெயர்.

அந்தக் கணிதத்தை உரை தேடும் கருவியாக்கியவர் பெல் ஆய்வகத்தின் கென் தாம்ப்சன். அதன் செய்முறையை 1968-ல் கட்டுரையாக வெளியிட்டார். பிறகு யூனிக்ஸுக்காக அவர் எழுதிய 'எட்' என்ற திருத்தியில், சாய்கோடுகளுக்கு நடுவே பழைய சொல்லையும் புதிய சொல்லையும் எழுதினால் போதும், மாற்றிவிடும். ஆனால் ஒரு வரியில் முதலில் வரும் இடத்தை மட்டுமே மாற்றும். எல்லா இடத்திலும் மாற்ற வேண்டுமென்றால் கடைசியில் 'ஜி' என்ற எழுத்தைச் சேர்க்க வேண்டும். 'குளோபல்' என்பதன் சுருக்கம் அது.

இந்த வழக்கம் 1987-ல் லாரி வால் உருவாக்கிய பெர்ல் மொழிக்குப் போனது. 1995-ல் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதினார். 1997-ல் நெட்ஸ்கேப் 4 உலாவியோடு, பெர்லைப் பின்பற்றி ரெகுலர் எக்ஸ்பிரஷன் அந்த மொழிக்குள் வந்தது. 1999-ல் தரநிலையிலும் இடம்பெற்றது. கூடவே அந்த 'ஜி'யும் வந்துவிட்டது. அதனால்தான் "மெட்ராஸ் என்றும் மெட்ராஸ்தான்" என்ற வரியில் 'ஜி' போடாமல் ரீப்ளேஸ் செய்தால் "சென்னை என்றும் மெட்ராஸ்தான்" என்று பாதியில் நிற்கிறது. எல்லாவற்றையும் மாற்றும் 'ரீப்ளேஸ் ஆல்' தரநிலைக்குள் வந்தது 2021-ல்தான்.

இதோடு இன்னொரு மரபும் வந்தது. நமக்கு வலிப்பது அதுதான். 'சொல்லில் வரும் எழுத்து' என்பதற்குப் பின்சாய்கோட்டோடு சின்ன 'டபிள்யூ' போடுகிறோம் அல்லவா? ஜாவாஸ்கிரிப்டில் அதன் பொருள் 63 குறிகள் மட்டுமே: ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சின்ன எழுத்து 26, எண் 10, அடிக்கோடு 1. தமிழின் 247-ல் ஒன்றுகூட அதில் இல்லை. பெரிய 'டபிள்யூ' போட்டால் 'இவை தவிர மற்றவை' என்று பொருள். படிவத்தில் வரும் வேண்டாத குறிகளை நீக்கலாம் என்று ஒருவர் அந்த ஒரு வரியை எழுதினால், 'முருகன்' என்ற பெயர் முழுவதும் அழிந்து வெற்றிடம்தான் மிஞ்சும். பிழைச் செய்தி எதுவும் வராது. எழுதியவர் ஆங்கிலப் பெயரை மட்டும் போட்டுச் சோதித்திருந்தால் அவருக்குத் தெரியவே போவதில்லை.

2018-ல் இதற்கு வழி பிறந்தது. 'எந்த மொழியின் எழுத்தானாலும் சரி' என்று யூனிகோடு பண்பைச் சொல்லித் தேடலாம். அதிலும் கவனம் வேண்டும். யூனிகோடு கணக்கில் நம் உகரக் கொம்பும் புள்ளியும் 'எழுத்து' வகை அல்ல, 'குறி' வகை. எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கச் சொன்னால் முருகன் 'மரகன' ஆகிவிடுவார். இரண்டு வகையையும் சேர்த்துக் கேட்டால்தான் முழுப் பெயர் தப்பும்.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அவரவர் கண்முன் இருந்த எழுத்துகளைக் கொண்டு அவரவர் கருவி செய்தார்கள். அந்தக் காலத்து எல்லை மட்டும் இன்றைய கருவிக்குள் அப்படியே தங்கிவிட்டது. ஆகவே பிள்ளைகளே, அடுத்த முறை சொல்லை மாற்றும் வரி எழுதும்போது சோதனைக்கு உங்கள் பாட்டி பெயரைத் தமிழிலேயே போட்டுப் பாருங்கள். கொம்பும் புள்ளியும் குறையாமல் திரும்பி வருகிறதா என்று எனக்கும் சொல்லுங்கள்.

வாழ்க வளமுடன்.