காடு என்ற பெயர்

போர்னியோவின் நீள்வீட்டில் நான்கு இரவு, அமேசான் கரையில் ஒரு வாரம்: ஆதிவாசி வாழ்வை ‘அனுபவிக்க’ இன்று கட்டணம் இருக்கிறது. பணம் கொடுப்பவன் எதை வாங்குகிறான்? காலம் தீண்டாத ஒரு வாழ்வை என்று நம்புகிறான். இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க மழைக்காடு வரை போகவேண்டியதில்லை. காட்டுமன்னார்கோயிலிலிருந்து கிழக்கே நடந்தால் போதும்.

ஊர்ப் பெயரில் காடு இருக்கிறது, ஊரில் இல்லை. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்தில், இது வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம். அவன் விருதுப் பெயர்தான் வீராணம் ஏரிக்கும். ஏரிக்கும் நெல்லுக்கும் இடம் விட்ட காடு, கோயில் கொண்ட மன்னனார் பெயரில் ஒட்டிக்கொண்டு பிழைத்தது. சிதம்பரத்திலும் இதே கதைதான். தில்லை ஒரு மரம்; வெட்டினால் வடியும் பால் கண்ணைக் கெடுக்கும். தில்லை என்றே பெயர் பெற்ற நகரத்தில் தில்லைவனம் இல்லை. அம்மரத்தைக் காண, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் கிடக்கும் பிச்சாவரம் சதுப்புக் காட்டுக்குப் போகவேண்டும்.

அங்கே படகில் போகிறவர் கண்ணில் இருளர் படுவார்கள். மார்பளவு நீரில் குந்தி, பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். ஆதி மனிதனைப் பார்த்துவிட்டதாகப் பயணிக்குத் தோன்றும். அது பிழை. சமவெளி இருளரின் பழைய களம் நீரல்ல, புதர்க்காடும் வயல்வரப்பும். எலி, கிழங்கு, தேன், மூலிகை, பாம்பு என்பவை அவர்கள் அறிவின் விஷயங்கள். அந்த நிலம் கைவிட்டுப் போனபின், படகும் வலையும் இல்லாதவர்கள் கையையே வலையாக்கிக்கொண்டார்கள். நாம் மரபு என்று ரசிப்பது ஒரு இழப்பின் வரலாறு. இழப்புக்கு எதிராகக் கை கற்றுக்கொண்ட சாமர்த்தியமும்கூட.

காடும் ஆதிக்காடு அல்ல. ஆங்கிலேயர் காலந்தொட்டு இதைக் கூறு கூறாக மொட்டையடித்து வெட்டினார்கள். நிழலிழந்த மண் வறண்டு தாழ்ந்தது, உள்ளே வந்த அலைநீர் திரும்ப வழியின்றித் தேங்கி உப்பேறியது, மரம் முளைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராமத்தாரும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, அலை வந்துபோக வழி செய்தபிறகே பல இடங்களில் மறுபடி பச்சை கண்டது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது, மரங்களுக்குப் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைந்தது. கடலூர்க் கரையை ஆராய்ந்து 2005இல் ‘சயன்ஸ்’ இதழ் வெளியிட்ட கட்டுரை இதை உறுதி செய்தது.

2022இல் பிச்சாவரம் ராம்சார் பட்டியலில் ஏறியது. காட்டுக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. பழங்குடிப் பட்டியலில் பெயர் இருந்தும், தான் இருளர் என்று சொல்லும் ஒரு காகிதத்துக்காகச் சமவெளி இருளர் பல பத்தாண்டுகள் அலுவலகப் படி ஏறியிறங்கியிருக்கிறார்கள். பயணி அவரைத் தூய பழங்குடியாகப் பார்க்க ஆசைப்படுகிறான். அதிகாரி அவரைப் பழங்குடி என்று ஒப்பத் தயங்குகிறான். இருவருமே அவருடைய வரலாற்றைக் கேட்பதில்லை.

தங்கி அனுபவிக்க வருகிறவன் முதலில் கேட்கவேண்டியது ஒன்றுதான்: இதற்கு முன்னால் எங்கே இருந்தீர்கள்? பதில் சொல்ல அவர் பல்லிலிருந்து கயிற்றை எடுக்கவேண்டியிருக்கும். அதுவரை படகு காத்திருக்க வேண்டும்.