கொக்கிரகுளத்து ஹெரால்ட்

சேஸின் பக்கவாட்டுச் சட்டத்துக்குள் திருப்புளியை விட்டுக் கிளறியபோது இரண்டு நிறத்தில் மண் விழுந்தது. முதலில் வந்தது பழுப்பு நிறம். விரலிடுக்கில் நெறுநெறுவென்று மணல் தட்டியது. அதற்கும் உள்ளே சாம்பல் நிற மண், ஓடு கட்டிக் கிடந்தது. சுத்தியலால் தட்டித்தான் பெயர்க்க முடிந்தது. “துருன்னு நெனச்சியளா அண்ணாச்சி? ஆத்து வண்டல்லா இது” என்றார் தச்சநல்லூர்ப் பட்டறை மேஸ்திரி. மேலே இருந்தது 2023 டிசம்பர் வெள்ளம். அடியில் இருந்தது 1992 நவம்பர் வெள்ளம். தாமிரபரணி இந்த வண்டிக்குள் இரண்டு முறை வந்து போயிருக்கிறது.

வண்டி, ஆர்.சி. புக்கின்படி 1966-ஆம் ஆண்டு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இரண்டு கதவு, நாலு சிலிண்டர், 948 சி.சி. ஒரு காலத்தில் நம் ஊர்ச் சாலைகளில் அம்பாசடர், ஃபியட், ஹெரால்ட் என்று மூன்றே முகங்கள்தாம் பெரும்பாலும் தெரியும். அம்பாசடர் கல்கத்தாவுக்குப் பக்கத்து உத்தர்பாராவிலிருந்து வந்தது, ஃபியட் பம்பாயிலிருந்து. ஹெரால்ட் மட்டும் நம்முடையது. மெட்ராஸை விட்டுத் தெற்கே வரும் ஜி.எஸ்.டி. சாலையில், பெருங்களத்தூரை ஒட்டி, ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. திருநெல்வேலியிலிருந்து எழும்பூருக்கு ரயிலேறியவர்கள் தாம்பரம் வருமுன் கடந்து போனது அந்த ஊரைத்தான்.

ஆனால் ஹெரால்டின் கதை இன்னும் தள்ளிப் பிறக்கிறது. இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ஃப் கம்பெனிக்குக் கூண்டு செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற ஆலையை, 1953-இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. அடுத்த மாடலுக்குக் கூண்டு எங்கே செய்வது? முழுக் கூண்டையும் ஒரே இடத்தில் அடிக்க வழியில்லாமல், துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து, தனிச் சேஸின்மேல் வைத்து போல்ட் போட்டுப் பூட்டுவது என்று முடிவெடுத்தார்கள். கூண்டும் சேஸும் ஒன்றான கார்களுக்கு உலகமே மாறிக்கொண்டிருந்த நேரத்தில் இது பின்னோக்கிய காலடி. இத்தாலியின் டூரினிலிருந்து ஜொவான்னி மிக்கேலாட்டி வரைந்து கொடுத்த உருவம் அதன்மேல் ஏறியது. 1959 ஏப்ரலில் வண்டி வெளிவந்தது.

வேறு வழியில்லாமல் எடுத்த அந்த முடிவுதான் ஹெரால்டைப் பெருங்களத்தூருக்குக் கொண்டுவந்தது என்று நான் நினைக்கிறேன். போல்ட் போட்டுப் பூட்டுகிற வண்டியைப் பெட்டிகளில் அடைத்துக் கப்பலேற்றலாம். தகரத்தை அழுத்தி உருவாக்கும் ராட்சத யந்திரங்கள் இல்லாத ஊரிலும் சேர்த்துக் கட்டலாம். 1961-இலிருந்து இங்கே கட்டினார்கள். ஆண்டுக்காண்டு உள்நாட்டு உதிரிகள் கூடிக்கொண்டே போயின. கவன்ட்ரியில் இல்லாத நாலு கதவு ஹெரால்டையும் இங்கேயே செய்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் எழுபதுகளின் கேஸல்.

இந்த வண்டியை வாங்கியவர் பாளையங்கோட்டைப் பக்கம் மருத்துவம் பார்த்த ஒரு டாக்டர். வீடு கொக்கிரகுளத்தில், ஆற்றங்கரையை ஒட்டி. காலையில் ஆஸ்பத்திரி, சாயங்காலம் சுலோசன முதலியார் பாலத்தைக் கடந்து டவுனுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வருவாராம். முதலியார் தம் செல்வத்தைக் கொட்டிக் கட்டி 1843-இல் திறந்த பாலம், இன்றும் பஸ் தாங்கி நிற்கிறது. டவுனில் ஹெரால்டுக்கு இருந்த வசதி வேறெந்தக் காருக்கும் கிடையாது. அதன் முன்சக்கரங்கள் அவ்வளவு ஒடியும்: 25 அடி விட்டத்துக்குள், அதாவது ஏழரை மீட்டரை ஒட்டி, முழு வட்டம் அடித்துவிடும். லண்டன் டாக்சிக்கு இணையான திருப்பம். ரத வீதிகளை விட்டுச் சந்துகளுக்குள் நுழைந்தால் அம்பாசடர்காரர் முன்னும் பின்னும் அல்லாட, டாக்டர் ஒரே ஒடிப்பில் திரும்பி வந்துவிடுவார் என்று வீட்டார் இன்றும் சொல்கிறார்கள்.

1992 நவம்பரில் மலையில் கொட்டிய மழைக்குப் பாபநாசம், சேர்வலாறு அணைகள் திறக்கப்பட்டுத் தாமிரபரணி கரை மீறியது. வண்டி ஷெட்டுக்குள் நின்றபடியே முழுகியது. டாக்டருக்கு வயதாகிவிட்டது; அதற்கு முன்பே வீட்டுக்குப் புது மாருதி வந்துவிட்டது. 1988-இலேயே ஸ்டாண்டர்ட் கம்பெனி உற்பத்தியை நிறுத்தியிருந்ததால் உதிரிக்கு எங்கே போவது என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. தண்ணீர் வடிந்ததும் சீட்டுகளை வெளியே எடுத்துக் காயப்போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். பிறகு ஷெட்டில் விறகும் பழைய கட்டிலும் ஏறின. வண்டி அவற்றுக்குள் மறைந்தது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்தது இந்தத் தலைமுறை பார்த்திராத மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குள்ளேயே ஆறு நின்றது. வெள்ளம் வடிந்து, சேறான ஷெட்டை ஒழித்தபோதுதான் வண்டி மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. பழைய இரும்புக்கடைக்காரர் எடை போட்டு விலை சொல்லியிருந்தார். அவர் சொன்னதற்குமேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்து நான் வாங்கினேன்.

பழைய வண்டியைச் சீர்செய்வது என்றால் பெயின்ட் அடிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். பெயின்ட் கடைசி வேலை. முதல் வேலை பிரிப்பது. ஹெரால்டின் முன்மூஞ்சி முழுவதும், மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து, ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். அதைக் கழற்றினால் எஞ்சின் நடுக்கூடத்தில் வைத்த மாதிரி தெரியும். சக்கரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். பிறகு மேற்கூரை, அதற்கும் போல்ட்தான். மிச்சக் கூண்டும் முன்பாதி, பின்பாதி என்று பிரியும். பிரிப்பதற்கு முன் மேஸ்திரி செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். கதவு வாசல்களில் ஆங்கிள் இரும்பைக் குறுக்கே வைத்துப் பற்றவைத்தார். மூலைக்கு மூலை நாடா பிடித்து அளவுகளைச் சுவரில் கரிக்கட்டியால் எழுதினார். துருப்பிடித்த கூண்டை அப்படியே தூக்கினால் தொய்ந்துவிடும். பிறகு எத்தனை தட்டினாலும் கதவு சேராது. ஏட்டில் படிக்காத ஒரு மனிதர் இதைத் தாமே அறிந்து செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

சேஸின் நடுவே இரண்டு தண்டுகள் முதுகெலும்பாக ஓடுகின்றன. அவற்றிலிருந்து பக்கவாட்டில் கைகள் நீண்டு ஓரச் சட்டங்களைத் தாங்குகின்றன. எல்லாம் பெட்டி போல மூடிய தகரம். அடியில் தண்ணீர் வடியத் துளைகள் உண்டு. அந்தத் துளைகள் வழியேதான் ஆறு உள்ளே போனது. போகும்போது வண்டலை விட்டுத் துளைகளை அடைத்தது. உள்ளே ஈரம் தங்கி முப்பது வருஷம் இரும்பைத் தின்றிருக்கிறது. வெளியே பார்த்தால் கறுப்புப் பெயின்ட் அப்படியே இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போனது. நடுத்தண்டுகள் தப்பிவிட்டன, எஞ்சின் ஆயில் கசிந்து கசிந்து மேலே படிந்திருந்ததால். ஓரச் சட்டங்களையும் கைகளையும் வெட்டி எறிந்துவிட்டு, ஒன்றரை மில்லித் தகரத்தை மடித்துப் புதிதாகச் செய்தோம். புதுச் சட்டங்களில் வடிகால் துளைகளைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொன்னேன். ஆற்றங்கரை வண்டிக்கு அது வேண்டும்.

எஞ்சின் இறுகிக் கிடந்தது. பிளக் துளைகள் வழியே டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவிட்டு, நாள்பட மெல்ல அசைத்துச் சுழலவைத்தார்கள். அடுத்த அளவு பிஸ்டனுக்குப் போர் போட்டாயிற்று. அதைவிட முக்கியமான வேலை சிலிண்டர் ஹெட்டில் இருந்தது. இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்குப் பிறந்தது. வால்வு வந்து உட்காரும் விளிம்பை அந்த ஈயம்தான் தேயாமல் காத்தது. 2000-இல் நாடு முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல் வந்துவிட்டது. ஆகவே லேத்துக்கு அனுப்பி, எக்சாஸ்ட் வால்வு விளிம்புகளைக் குடைந்து கடினமான வளையங்களை இறுக்கிப் பொருத்தினோம். இப்போது விற்பதோ எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பரை ஊறவைத்து உப்பச் செய்யும். ஹோஸ், பம்ப் டயாஃப்ரம் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்தில் மாற்றியாயிற்று. இந்த இரண்டையும் செய்யாமல் ஓட்டிய பழைய வண்டிகள் சாலையிலேயே நின்றுவிடுகின்றன. பழி வண்டியின்மேல் விழுகிறது.

முன்சக்கரத்தைத் தாங்கும் டிரனியன்தான் ஹெரால்டின் உயிர்நிலை. கைப்பிடியளவு வெண்கல வார்ப்பு, உள்ளே மரை. சக்கரத்தைப் பிடித்திருக்கும் எஃகுத் தண்டு அந்த மரையில் இறங்கி, ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் ஏறி இறங்கும். அதற்குக் கியர் ஆயில் ஊற்றவேண்டும் என்பது கம்பெனிக் கையேட்டின் விதி. நம் பட்டறைகளில் எதற்கும் கிரீஸ் கன்தான். கிரீஸ் மரையின் ஆழத்துக்கு இறங்காமல் காய்ந்து நிற்க, தண்ணீர் புகுந்து எஃகைத் துருவாக்கும். ஒருநாள் தண்டு ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும். ‘ஹெரால்ட் முன்கால் ஒடியும்’ என்று அந்தக் காலத்து டிரைவர்கள் சொன்னதற்கு இதுதான் காரணம். குறை வண்டியிடம் இல்லை, ஊற்றியதில் இருந்தது. இதே உறுப்பு ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற விளையாட்டுக் காரிலும் உண்டு. அதை 1980 வரை செய்தார்கள்; பிரிட்டனில் அதற்கு இன்றும் பிரியர்கள் ஏராளம். அவர்கள் தயவில் புது டிரனியன் இப்போதும் விற்பனையில் இருக்கிறது. மெட்ராஸ் கம்பெனி மூடி முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகும் நெல்லைக்குத் தபாலில் வந்து சேர்ந்தது.

இனி ஒரு பித்தளைக் கைப்பிடியின் கதை. இடப்பக்கக் கதவில் கண்ணாடி ஏற்றும் கைப்பிடி எப்போதோ உடைந்திருக்கிறது. யாரோ ஒரு கைவினைஞர் அதைப் பார்த்துப் பித்தளையில் வார்த்து, அரம் போட்டு, முனையில் தேக்குக் குமிழ் வைத்துக் கொடுத்திருக்கிறார். மற்ற கைப்பிடியைவிட இரண்டு மடங்கு கனம். சென்னையிலிருந்து வந்த நண்பர், பழைய கார்களில் தேர்ந்தவர், அதைக் கழற்றிவிடச் சொன்னார். தொழிற்சாலையை விட்டு இறங்கிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே கொண்டுபோய் நிறுத்துவதுதான் சீர்செய்தல் என்பது அவர் கட்சி.

அந்தக் கட்சிக்கு இடம் உண்டு. காமராஜரைச் சுமந்த கறுப்பு செவர்லே, எம்.டி.ஆர். 2727, சென்னையில் நெடுங்காலம் ஓடாமல் நின்று அண்மையில் சீர்செய்யப்பட்டது. அதைப் பார்க்க வருகிறவர்கள் அவரைப் பார்க்க வருகிறார்கள். அதில் ஒரு திருகுகூட மாறக்கூடாது. கோயம்புத்தூரில் 2015-இல் திறந்த ஜீடி கார் மியூசியத்தில் நிற்கும் வண்டிகளுக்கும் அந்த நியாயம் பொருந்தும். ஆனால் டாக்டரின் ஹெரால்டுக்குப் பெருங்களத்தூர் ஒருநாள் ஊர். திருநெல்வேலி அறுபது வருஷ ஊர். அந்தக் கைப்பிடியைக் கழற்றினால் வண்டியின் ஆயுளில் பாதியைக் கழற்றியதாகும். இருக்கட்டும் என்றுவிட்டேன். உப்புத்தாள் மட்டும் போட்டேன்.

காகித விஷயத்திலும் இதே கேள்வி வந்து நின்றது. ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு மத்திய அரசு 2021-இல் தனி விதி கொண்டுவந்தது: 20,000 ரூபாய் கட்டணம், பத்து வருஷச் செல்லுபடி, ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனி நம்பர். மதிப்பான ஏற்பாடுதான். ஆனால் அந்த நம்பர் போட்ட வண்டி கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் பழுதுபார்க்கவும் பெட்ரோல் போடவும்தான் சாலைக்கு வரலாம். அன்றாட ஓட்டம் கிடையாது. சேஸிலும் கூண்டிலும் மாற்றம் இருக்கக்கூடாது என்றும் விதி. எங்கள் சேஸில் ஓரச் சட்டம் முழுவதும் தச்சநல்லூர் வேலை. இன்னொரு வழி, பழைய பதிவையே புதுப்பிப்பது. இருபது வயது தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்திவிட்டார்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வண்டியை ஆய்வாளர் முன் கொண்டுபோய் நிறுத்தவும் வேண்டும். இரண்டாவது வழியைத்தான் எடுத்திருக்கிறேன். சேரன்மகாதேவிக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் கல்யாணத்துக்குப் போகவேண்டும், மழை நாளில் யாரையாவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவேண்டும். அதற்காகத்தானே டாக்டர் இதை வாங்கினார்.

பாபநாசம் மலைப்பாதையில் ஏற்றிப் பார்க்கும் ஆசை உண்டு. அதற்கு முன் பின்சக்கரத்து வேலை ஒன்று பாக்கி. ஹெரால்டில் பின் இரண்டு சக்கரமும் தனித்தனியே தொங்க, குறுக்கே ஒரே பட்டை ஸ்பிரிங் தாங்குகிறது. வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்சிலேட்டரை விட்டால் வெளிச்சக்கரம் உள்ளே மடிந்து வண்டி தூக்கும். பட்டை தளர்ந்திருந்தால் ஆபத்து அதிகம். பழைய பட்டைகளைக் காய்ச்சி, வளைவு கொடுத்து, மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பிரேக் டிரம் நான்கும் லேத்திலிருந்து வந்துவிட்டன. ஆய்வுக்கு நாள் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். மேஸ்திரியின் மகன் ஐ.டி.ஐ.யில் படிக்கிறான், டிரனியனுக்குக் கியர் ஆயில் ஊற்றுவதை இப்போது அவன்தான் பார்த்துக்கொள்கிறான்.