ஒரு கடிதத்தின் வரலாறு

போர்களையும் முடிமன்னர்களையும் வரலாறு என்று படிக்கும் உங்களுக்கு, நான் இன்று ஒரு கடிதத்தின் கதையைக் கூற விழைகிறேன்.

இங்கிலாந்தில் மேரி வெப்ஸ்டர் என்னும் கிறிஸ்தவ சமய போதகர், முதிய பெற்றோரைப் பேணும் பொருட்டு, 1954இல் தமது 31ஆம் வயதில் பணியைத் துறந்தார். ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. தம்மைப் போன்ற மணமாகாத பெண்களின் நிலையை விளக்கி, 1963இல் அவர் பத்திரிகைகளுக்கு எழுதினார். பணியை விட்டால் ஊதியம் இல்லை. முதுமைக்கு ஓய்வூதியமும் குறையும். பெற்றோர் மறைந்தபின் மீண்டும் யார் வேலை தருவார்? மறுமொழிகள் வந்து குவிந்தன. தத்தம் வீட்டுத் துன்பமென ஒவ்வொருவரும் எண்ணியிருந்தது, நாட்டின் துன்பமாக இருந்தது!

1965இல் அவர் அமைத்த சங்கம் ஆலோசனை கூறியதோடு நில்லாமல், பார்லிமெண்டின் கதவையும் தட்டியது. 1976இல் அரசு உதவித்தொகை பிறந்தது. ஆனால், மணமான பெண்களுக்கு அது கிடையாது. எப்படியும் வீட்டில் இருப்பவர்கள்தாமே என்பது அரசின் எண்ணம்! இந்த வாதத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் சினமும் ஒருங்கே எழுகின்றன. தாயைப் பேணிய ஜாக்குலின் டிரேக் என்னும் மாது வழக்காடினார். 1986இல் ஐரோப்பிய நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

1969இலேயே மறைந்த வெப்ஸ்டர் இவற்றைக் காணவில்லை. அவரது சங்கம் 1988இல் மற்றொரு சங்கத்தோடு இணைந்தது. 2001இல் ‘கேரர்ஸ் யூகே’ என்று பெயர் பூண்டது.