தூண்ட வேண்டாத திரி

அகல்விளக்கு ஏற்றிப் பழகிய வீட்டில், திரியைத் தூண்டுவது ஒரு வேலையாகவே யாருக்கும் தோன்றாது. ஈர்க்குச்சியால் கரி நுனியைத் தட்டி, திரியைக் கொஞ்சம் முன்னால் தள்ளினால் சுடர் மறுபடி நிமிரும். அதற்கென்றே தூண்டுகோல் என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. மெழுகுவர்த்திக்கு அந்தக் கோல் வேண்டாம். ஏற்றி வைத்துவிட்டுப் போனால் அடிவரை தானே எரியும். ஆதியிலிருந்தே அப்படித்தான் என்று பல வருடம் நினைத்திருந்தேன். வீட்டில் வாசனை மெழுகுவர்த்தி செய்யத் தொடங்கி, ஒரே அளவுக் கண்ணாடிக் குவளைக்குப் பதினொரு திரி மாற்றிப் பார்த்த பிறகுதான் திரியின் பழைய கதையைத் தேடினேன். எரிந்துகொண்டே தன் நீளத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் அந்தப் பருத்திப் பின்னலுக்கு ஒரு பிறந்த ஆண்டு உண்டு. 1825.

அதற்கு முன்னால் ஐரோப்பாவில் சாமானியர் வீட்டில் எரிந்தது மாட்டுக் கொழுப்பும் ஆட்டுக் கொழுப்பும். தேன்மெழுகு தேவாலயத்துக்கும் செல்வர் மாளிகைக்கும் போனது. 18-ம் நூற்றாண்டில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுத்த மெழுகு வந்தது. அது வாடையில்லாமல் எரிந்தாலும் விலை எட்டவில்லை. கொழுப்பு வர்த்தி நாறும், புகையும், வெயிலில் இளகும். இத்தனைக்கும் மேலான தொல்லை அதன் திரி.

அந்தத் திரி வெறும் முறுக்கு நூல். நட்டுவைத்த கம்பு போலச் சுடரின் நடுவே நேராக நிற்கும். சுடரின் உள்ளே காற்று கிடையாது, ஆவியாகிய கொழுப்புதான் இருக்கிறது. அதனால் அங்கே நிற்கும் நூல் கரியாகுமே தவிர எரிந்து தீராது. கொழுப்பு உருகி இறங்க இறங்கக் கரித்திரி நீளும். நீண்ட திரி எரிக்க முடிவதைவிட அதிகமாகக் கொழுப்பை உறிஞ்சும். சுடர் பெருத்துப் புகையும், வெளிச்சம் செத்துப்போகும்.

எவ்வளவு வேகமாகச் சாகும் என்று 1790-களில் ரம்ஃபோர்ட் பிரபு என்ற விஞ்ஞானி அளந்து பார்த்தார். நுனியைக் கத்தரித்தவுடன் மட்டமான ஒரு கொழுப்பு வர்த்தி தரும் வெளிச்சத்தை 100 என்று வைத்துக்கொண்டார். 11 நிமிடத்தில் அது 39 ஆனது. 19-வது நிமிடத்தில் 23. 29-வது நிமிடத்தில் வெறும் 16. கத்தரித்ததும் பழைய ஒளி திரும்பி வந்தது. அரை மணி நேரம் மறந்தால் வெளிச்சத்தில் ஆறில் ஐந்து பங்கு போய்விடும் என்று இதற்குப் பொருள். ஆகவே வீட்டுக்கு வீடு ஒரு திரிக்கத்தரி இருந்தது. வெட்டிய கரி கீழே விழாமல் இருக்க அதன் அலகில் ஒரு சின்னப் பெட்டி. நாடகக் கொட்டகைகளில் திரி கத்தரிப்பதற்கென்றே ஆள் இருந்தான். காட்சி நடுவே மேடையேறி அவன் தன் வேலையைப் பார்த்துவிட்டு இறங்குவான். ஜெர்மானியக் கவி கெதேயும் இந்தத் தொல்லையைப் பற்றி இரண்டு வரி எழுதி வைத்திருக்கிறார்.

பிரான்ஸைச் சேர்ந்த ஜூல் த கம்பாசெரே செய்தது, கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும் காரியம். நூலை முறுக்குவதற்குப் பதிலாகப் பின்னினார். தலைமுடியை மூன்று கால் எடுத்துச் சடை போடுவது போன்ற தட்டைப் பின்னல். பின்னலுக்குள் ஓர் இழுவிசை ஒளிந்திருக்கிறது. சுற்றியிருக்கும் மெழுகு உருகி விலகியதும் திரி ஒரு பக்கமாக வளைகிறது. வளைந்த நுனி சுடரின் ஓரத்தைத் தொடுகிறது. அங்கேதான் காற்றும் இருக்கிறது, சூடும் அதிகம். நுனி சிவந்து கனன்று சாம்பலாகிறது. மெழுகு எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு திரியும் குறைகிறது. கத்தரியின் வேலையைச் சுடரே செய்துவிடுகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. கூடுதலாக ஒரு பொருள் சேர்க்கவில்லை. நூல் கிடந்த விதத்தை மாற்றினார், அவ்வளவே.

ஆனால் இந்தத் திரியைக் கொழுப்பில் நட்டால் உதவாது. சுடர் ஒரு பக்கம் சாய, இளகிய கொழுப்புச் சுவர் அந்தப் பக்கம் உடைந்து வழிந்துவிடும். கெட்டியான மெழுகு ஒன்று வேண்டும். அதுவும் அதே ஆண்டில், அதே நாட்டில் பிறந்தது என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம். மிஷெல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் விலங்குக் கொழுப்பைப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்து, அது கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் சேர்ந்தது என்று 1823-ல் ஒரு நூலாகவே எழுதினார். கிளிசரினையும் இளகிய பகுதியையும் பிரித்தெடுத்தால் வெள்ளையாக, கெட்டியாக, நாற்றமில்லாமல் மிஞ்சுவது ஸ்டியரிக் அமிலம். சக வேதியியலாளர் கே-லுசாக்குடன் சேர்ந்து 1825-ல் அதில் வர்த்தி செய்யக் காப்புரிமையும் வாங்கினார். வியாபாரம் எடுபடவில்லை.

எடுபட வைத்தவர் அடோல்ஃப் த மில்லி. 1830-களில் பாரிஸில், எத்துவால் வாயிலுக்குப் பக்கத்தில் தொழிற்சாலை போட்டார். விலை குறைந்த சுண்ணாம்பைக் கொண்டு கொழுப்பைப் பிரித்தார். சுண்ணாம்பின் மிச்சம் திரியில் ஏறி அடைத்துக்கொண்டது. அதற்கு அவர் திரியைப் போரிக் அமிலத்தில் நனைத்து உலர்த்தினார். சாம்பல் உருகி நுனியில் கண்ணாடி மணி போலத் திரண்டது. திரி அடைபடாமல் எரிந்தது. மெழுகைத் திருத்தினால் திரியைத் திருத்த வேண்டும், திரியைத் திருத்தினால் மறுபடி மெழுகு. இன்று என் அடுப்படி மேடையில் நடப்பதும் இதுவே.

லண்டனில் பிரைஸ் கம்பெனிக்காரர்கள் இலங்கைத் தென்னந்தோப்புகளை நாடினார்கள். தேங்காயெண்ணெயின் கெட்டிப் பகுதியை ஸ்டியரிக் அமிலத்தோடு கலந்து, கத்தரிக்கத் தேவையில்லாத மலிவான வர்த்தியை 1840-ல் கொண்டு வந்தார்கள். விக்டோரியா ராணியின் திருமணத்துக்கு மக்கள் சன்னலில் ஏற்றி வைப்பதற்காக என்றே அது விற்பனைக்கு வந்தது. பிறகு ஜேம்ஸ் யங் 1850-ல் காப்புரிமை பெற்ற முறையால் பாரஃபின் பெருகியது. 1990-களில் அமெரிக்காவில் சோயா மெழுகு வந்தது. ஒவ்வொரு மெழுகுக்கும் திரி புதிதாகத் தேட வேண்டியிருந்தது. பாரஃபின் உருகினால் தண்ணீர் போல ஓடும், மெல்லிய திரியிலும் ஏறிவிடும். சோயா அப்படிச் சட்டென்று ஏறாது, தடித்த திரி கேட்கும். குவளையில் ஊற்றும் வர்த்தியில் இன்னொரு சிக்கல்: உருகிய மெழுகில் திரி துவண்டு மூழ்கக் கூடாது. அதற்காக ஒரு காலத்தில் ஈயக் கம்பி வைத்த திரிகள் விற்றன. ஈயம் புகையில் கலக்கும் என்பதால் 2003-ல் அமெரிக்கா அவற்றைத் தடை செய்தது. நான் வாங்குவது பருத்தியோடு காகித நூல் சேர்த்துப் பின்னிய திரி.

என் சோதனை முறை எளிது. ஏழரை சென்டிமீட்டர் அகலக் குவளை, 200 கிராம் சோயா மெழுகு, 16 கிராம் வாசனை எண்ணெய். மெழுகு 85 டிகிரியில் இருக்கும்போது எண்ணெயைச் சேர்த்து இரண்டு நிமிடம் கிளறி, ஆறவிட்டு ஊற்றுவேன். இரண்டு வாரம் மூடி வைத்தால்தான் வாசனை மெழுகில் படிகிறது. மூன்று குவளையில் மூன்று அளவுத் திரி, மற்ற எல்லாம் ஒன்றே. நான்கு மணி நேரம் எரியவிட்டு அணைத்து, ஆறியதும் எடை போட்டு எழுதிக்கொள்கிறேன். எடை போடுவது புதிதல்ல. 1860-ல் பிரிட்டன் ஒளியளவுக்கு அலகு வகுத்தபோது, மணிக்கு 120 கிரெய்ன், அதாவது சுமார் 7.8 கிராம் எரியும் திமிங்கில மெழுகுவர்த்தியைத்தான் அளவுகோலாக வைத்தார்கள்.

திரி மெலிந்திருந்தால் நடுவில் மட்டும் உருகிக் கிணறு போலக் குழியும், ஓரத்து மெழுகு அப்படியே நிற்கும். தடித்திருந்தால் நுனியில் கரி காளான் போலப் பூக்கும், கண்ணாடியில் புகை படியும், குவளையைத் தொட முடியாது. மல்லிகை வாசனைக்குச் சரியாக அமைந்த திரியை வெட்டிவேருக்குப் போட்டேன். வெட்டிவேர் எண்ணெய் பாகு மாதிரி கெட்டி. ஒரு மணி நேரத்தில் சுடர் சுருங்கி மூழ்கியது. அடுத்த அளவு புகைந்தது. எண்ணெயை 12 கிராமாகக் குறைத்துப் பழைய திரிக்கே திரும்பினேன். மே மாதத்தில் இன்னொரு பாடம்: குவளைக்கான சோயா மெழுகு சிலவகை 46 டிகிரியிலேயே உருகும். நம் வெயிலில் எரியாமலே மேலே எண்ணெய் வியர்த்தது. இப்போது கொஞ்சம் ஸ்டியரிக் அமிலம் சேர்க்கிறேன், ஷெவ்ரல் பிரித்தெடுத்த அதே பொருள். மெழுகு கெட்டியானதும் திரி கணக்கு மறுபடி முதலிலிருந்து.

போன வாரம் பதினொன்றாவது திரி. இரண்டரை மணி நேரத்தில் உருகிய மெழுகு சுற்றிலும் கண்ணாடியைத் தொட்டது, ஆழம் ஒரு சென்டிமீட்டர். நான்காவது மணியில் அறை விளக்கை அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். புகை இல்லை. கரிக் காளான் இல்லை. திரி கொக்கி போல வலப்பக்கம் சாய்ந்திருந்தது. சுடருக்கு வெளியே கடுகளவு நீட்டிய நுனி சிவந்து கனன்றுகொண்டிருந்தது.