பெரிய பாடி, சின்ன இன்ஜின்

ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர் பக்கம் யாராவது ஒரு பழைய காண்டசாவையோ அம்பாசடரையோ வாங்கி வந்து வீட்டு வாசலில் நிறுத்தினால், விவரம் தெரிந்தவர் கேட்கிற முதல் கேள்வி "இன்ஜின் என்ன போட்டிருக்கு?" என்பதுதான். எந்த வருடத்து மாடல், எத்தனை கை மாறியது என்பதெல்லாம் அதற்குப் பிறகு. காரின் பாடி ஒரு கம்பெனியிலும் இன்ஜின் இன்னொரு கம்பெனியிலும் பிறந்திருக்கலாம் என்பதை இங்கே எல்லோரும் இயல்பாக எடுத்துக்கொள்கிறார்கள். வாங்கிய பழைய காரில் எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்று திட்டம் போடுகிறவர் இந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. நம் நாட்டில் அரை நூற்றாண்டுக் காலம் கார்கள் பாதி முடிந்த நிலையில்தான் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தன. மீதியை முடித்தவை பட்டறைகள். ஆகவே பட்டறை செய்த மாற்றங்களும் அந்தக் காரின் வரலாற்றைச் சேர்ந்தவையே.

மசில் கார் என்று அமெரிக்கர்கள் கொண்டாடுகிற வகையே ஓர் இன்ஜின் மாற்றத்தில் பிறந்ததுதான். 1964இல் பான்டியாக் கம்பெனி தன் நடுத்தர அளவுக் காரான டெம்பெஸ்டுக்குள், பெரிய கார்களுக்கென்று வைத்திருந்த 6.4 லிட்டர் வி8 இன்ஜினை வைத்தது. நடுத்தரக் கார்களில் அவ்வளவு பெரிய இன்ஜினை வைக்கக் கூடாது என்று தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் விதி போட்டிருந்தது. அந்த இன்ஜின் வைத்த காரைத் தனி மாடலாக அறிவிக்காமல், வாடிக்கையாளர் விரும்பினால் கூடுதல் பணம் கட்டி எடுத்துக்கொள்ளும் வசதியாகக் காட்டி அந்த விதியைத் தாண்டினார்கள். அப்படி வந்த ஜிடிஓ 325 குதிரைத்திறன் கொண்டது. சின்ன பாடிக்குள் பெரிய இன்ஜின் என்ற இந்த ஒரே சூத்திரத்தைத்தான் மற்ற அமெரிக்கக் கம்பெனிகளும் அடுத்த சில ஆண்டுகளுக்குப் பின்பற்றின.

நமக்குக் கிடைத்தது இதற்கு நேர் எதிரான சூத்திரம். இந்தியாவின் மசில் கார் என்று இன்று பலரும் பாசத்தோடு சொல்லும் காண்டசாவை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனில் 1970களில் ஓடிய வாக்ஸ்ஹால் விக்டர் காரின் அச்சுகளை விலைக்கு வாங்கி, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி வங்காளத்து உத்தரபாராவில் செய்த கார் அது. 1984இல் விற்பனைக்கு வந்தது. நீண்ட பானெட், அகன்ற முகப்பு, நாலு பேர் கால் நீட்டி உட்காரும் இடம் என்று பார்வைக்குக் குறையே இல்லை. பிரிட்டனில் இதே பாடிக்கு 2.3 லிட்டர் இன்ஜின் இருந்தது. அதன் உயர்ந்த வகைக்கு 3.3 லிட்டரில் ஆறு சிலிண்டர் இன்ஜினே இருந்தது. இங்கே பானெட்டைத் திறந்தால் உள்ளே உட்கார்ந்திருந்தது அம்பாசடரின் 1489 சிசி இன்ஜின், ஏறத்தாழ 50 குதிரைத்திறன். அந்த இன்ஜினும் 1950களில் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் செய்த வடிவத்தின் வழி வந்தது.

நம் மாநிலத்திலேயே இதைவிடத் தெளிவான உதாரணம் இருக்கிறது. வண்டலூரில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி, ஹெரால்டு, கெசல் கார்களுக்குப் பிறகு 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற காரைக் கொண்டுவந்தது. அதன் பாடி பிரிட்டனின் ரோவர் எஸ்டி1. அந்த ரோவர் அங்கே 1976இல் 155 குதிரைத்திறன் கொண்ட வி8 இன்ஜினோடு வந்து, 1977ஆம் ஆண்டின் சிறந்த ஐரோப்பியக் கார் என்ற விருதை வாங்கியது. அந்தப் பாடியை வண்டலூரில் நம் சாலைகளுக்காகத் தரையிலிருந்து சற்று உயர்த்தினார்கள். உள்ளே வைத்ததோ 1940களின் இறுதியில் வந்த வான்கார்டு காரின் வழிவந்த 1991 சிசி இன்ஜின், 83 குதிரைத்திறன். விலை அதிகம், பெட்ரோல் செலவும் அதிகம், வேகமும் இல்லை. அதே காலத்தில் மாருதி வேறு வந்துவிட்டது. நாலே ஆண்டில் அந்தக் கார் நின்றுபோனது. கம்பெனியின் கார் தொழிலும் அதோடு முடிந்தது. சென்னையில் கார் செய்த ஒரு பழைய நிறுவனம் பாடிக்கும் இன்ஜினுக்கும் இடையே இருந்த பள்ளத்தில் விழுந்து மடிந்தது என்பது தமிழகத் தொழில் வரலாற்றில் இன்னும் சரியாக எழுதப்படாத பக்கம்.

இது பொறியாளர்களின் திறமைக் குறைவால் நேர்ந்தது அல்ல. 1953இல் சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று, வெளிநாட்டு உதிரிகளைக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்கும் வேலைக்கு அரசு முடிவு கட்டியது. உள்ளூரில் செய்யும் திட்டம் உள்ளவர்களுக்கே இடம் என்றானதும், சென்னை உட்பட மூன்று நகரங்களில் கார் பூட்டிக்கொண்டிருந்த ஃபோர்டு கம்பெனி மூட்டை கட்டியது. ஜெனரல் மோட்டார்ஸும் போனது. மிஞ்சியவை ஹிந்துஸ்தான், பிரீமியர், ஸ்டாண்டர்டு என்று விரல்விட்டு எண்ணக்கூடிய கம்பெனிகள். எத்தனை கார் செய்யலாம் என்பதற்கும் லைசென்ஸ், வெளிநாட்டிலிருந்து எந்திரம் வாங்குவதற்கும் அனுமதி. கார் வேண்டுமென்றால் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். செய்ததெல்லாம் விற்றுவிடுகிற சந்தையில் புது இன்ஜினுக்குப் பணம் போட எந்த முதலாளிக்கும் காரணம் இல்லை. பாடியின் அச்சுகளைப் பழைய விலைக்கு வாங்கிவிடலாம். புது இன்ஜினுக்குத் தனித் தொழிற்சாலையே வேண்டும். அதனால் முகம் மாறியது, நெஞ்சு மாறவில்லை.

அந்தக் குறையைத் தீர்க்கும் வேலை தானாகவே பட்டறைக்கு வந்து சேர்ந்தது. பட்டறைக்கு இது புதிதும் அல்ல. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, மதுரை டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயுக் கலன்களைச் செய்து பஸ்களில் பொருத்தி ஓட்டியது. அடுப்புக்கரியை எரித்து வரும் வாயுவில் பெட்ரோல் இன்ஜினை ஓடவைத்த அந்த அனுபவம் தென் மாவட்ட மெக்கானிக்குகளுக்கு ஒரு பள்ளிக்கூடமாக இருந்திருக்க வேண்டும். கையில் இருக்கும் வண்டியைக் கிடைக்கிற எரிபொருளுக்கு ஏற்ப மாற்றலாம் என்ற துணிவு அங்கே பழகியது. 1973இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை தாவியதும் அதே துணிவு டீசல் பக்கம் திரும்பியது. ஊரார் பிளஷர் என்று அழைத்த பெரிய அமெரிக்கக் கார்கள் டீசல் இன்ஜின் ஏறி வாடகைக்கு ஓடின. பிறகு அம்பாசடர்களின் முறை. பூனாவில் பஜாஜ் டெம்போ கம்பெனி செய்த மட்டடார் வேனின் டீசல் இன்ஜினை அம்பாசடரில் வைப்பது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வழக்கமான வேலையாகவே ஆகிவிட்டது.

ராயகிரி போன்ற மலையடிவார ஊர்களுக்கு இதில் தனிக் கணக்கு உண்டு. இங்கிருந்து மேற்கே போகும் வண்டி செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் ஏறி இறங்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் நிறைந்து, மேலே மூட்டையும் கட்டிய வாடகைக் காருக்கு வேண்டியது வேகம் அல்ல, மெதுவான சுற்றிலேயே கிடைக்கும் இழுவை. அந்த இழுவையையும் குறைந்த எரிபொருள் செலவையும் டீசல் கொடுத்தது. இன்ஜின் மாற்றத்தை ஆடம்பரம் என்று எண்ணுகிறவர்கள் இந்தச் சாலையில் நிறைய ஆட்களோடு ஒரு 1489 சிசி பெட்ரோல் கார் ஏறுவதை மனதில் ஓட்டிப் பார்க்கட்டும்.

அந்த வேலை எவ்வளவு நுணுக்கமானது என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். டீசல் இன்ஜினின் பின்புறமும் அம்பாசடர் கியர்பாக்ஸின் முன்புறமும் பொருந்தாது. போல்ட் துளைகள் வேறு வேறு இடத்தில் இருக்கும். நடுவில் கனத்த தகடு ஒன்றை லேத்தில் கடைந்து, ஒருபக்கம் இன்ஜினுக்கும் மறுபக்கம் பெல் ஹவுசிங்குக்கும் துளையிட வேண்டும். இரண்டு தண்டுகளின் மையமும் ஒரே கோட்டில் நிற்காவிட்டால் கிளச்சும் பேரிங்கும் சீக்கிரமே போய்விடும். கியர்பாக்ஸையும் சேர்த்து மாற்றினால் ஜாயின்ட் தண்டின் நீளம் மாறும். அதை வெட்டி, வெல்டு வைத்து, ஆட்டம் இல்லாமல் சமன் செய்ய வேண்டும். டீசல் இன்ஜின் கனம் என்பதால் முன்புறம் தாழும். அம்பாசடரின் முன்பக்க டார்ஷன் கம்பியை முறுக்கி ஏற்ற வேண்டும். டீசலின் சுற்று குறைவு, ஆகவே பெட்ரோல் காரின் கிரவுன் பினியனோடு ஓட்டினால் வேகம் எடுக்காமல் கத்தும். அதற்கும் பல் கணக்குப் பார்க்க வேண்டும். வரைபடம் எதுவும் இல்லாமல், அளவுகோலும் காலிப்பரும் வைத்துக்கொண்டு இதைச் செய்தவர்களைப் பொறியாளர்கள் என்று அழைப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.

தொழிற்சாலையும் பட்டறையின் பாதைக்குத்தான் வந்தது. 1970களின் இறுதியில் அம்பாசடருக்கு டீசல் இன்ஜினை ஹிந்துஸ்தான் கம்பெனியே கொடுத்தது. 1980களில் ஜப்பானின் இசுசூ கம்பெனியோடு கைகோத்து, 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜினையும் ஐந்து கியரையும் காண்டசாவுக்குக் கொடுத்தது, 88 குதிரைத்திறன். அந்தப் பாடிக்கு ஓரளவு தகுந்த இன்ஜின் அப்போதுதான் கிடைத்தது. 1990களின் தொடக்கத்தில் அதே குடும்பத்து இன்ஜின் அம்பாசடருக்கும் வந்தது.

இங்கே முதல் மறுப்பு எழும். பழைய கார் என்றால் அது தொழிற்சாலையை விட்டு வந்தபடியே இருக்க வேண்டும், மாற்றினால் அதன் சாட்சித்தன்மை போய்விடும் என்பது சேகரிப்பாளர்கள் வாதம். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த வின்டேஜ் வாகன விதிகளும் அதையே சொல்கின்றன: முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும், சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. 20,000 ரூபாய் கட்டினால் விஏ என்ற எழுத்துகளோடு தனி எண் கிடைக்கும். மாறாத கார்கள் சில பாதுகாக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை, கோயம்புத்தூர் ஜி.டி. கார் அருங்காட்சியகம் போன்ற இடங்கள் அதற்குத்தான். ஆனால் மாறாத காரை மட்டுமே வரலாறு என்று ஏற்றால், வசதியுள்ள வீட்டு ஷெட்டில் ஓடாமல் நின்ற கார்களின் வரலாறுதான் மிஞ்சும். உழைத்த கார்கள் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் மாறியவை. 1980களில் மட்டடார் இன்ஜின் ஏறி இருபது ஆண்டு வாடகைக்கு ஓடிய அம்பாசடரிலிருந்து அந்த இன்ஜினைக் கழற்றிவிட்டு, எங்கிருந்தோ தேடிப் பிடித்த பெட்ரோல் இன்ஜினை வைத்து 'அசல்' ஆக்குவதுதான் சாட்சியை அழிக்கும் செயல்.

இரண்டாவது மறுப்பு சட்டம். இது கனமானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி குறித்த விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி உரிமையாளர் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே வகை இன்ஜினைப் பதிவு அதிகாரியின் அனுமதியோடு மாற்றிக்கொள்ளலாம். மனம்போன இன்ஜினை வைக்க முடியாது. இன்று புதிதாகத் திட்டம் போடுகிறவர் இதை மீறக் கூடாது என்பதே என் நிலை. அன்றைய மாற்றங்களுக்கு இருந்த நியாயம் இன்று இல்லை: அன்று வேறு கார் கிடைக்கவில்லை, இன்று கிடைக்கிறது. ஆனால் அதே சட்டத்தைக் காட்டி, எப்போதோ நேர்ந்து பதிவுப் புத்தகத்திலும் ஏறிவிட்ட மாற்றங்களைக் குற்றம்போலப் பார்ப்பது சரியில்லை.

மூன்றாவது மறுப்புக்குத் தலைவணங்க வேண்டும்: பழைய உடம்பு புதிய பலத்தைத் தாங்காது. நம் மாற்ற வரலாற்றின் உண்மையான குறை இதுதான். பட்டறைகள் இன்ஜினில் காட்டிய அக்கறையை பிரேக்கில் காட்டவில்லை. பழைய அம்பாசடரில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான், அழுத்தத்துக்குத் துணை செய்யும் பூஸ்டரும் கிடையாது. கனத்த டீசல் இன்ஜினை வைத்துவிட்டு அதே பிரேக்கோடு மலை இறங்கினார்கள். சென்னைக்கு வடக்கே, போர்க்கால விமான ஓடுதளமாக இருந்த சோழவரத்தில் பியட்டும் ஹெரால்டும் அம்பாசடரும் பந்தயம் ஓடிய காலத்திலேயே, பலம் கூட்டிய காரை நிறுத்தவும் திருப்பவும் முடிய வேண்டும் என்ற பாடம் ஓட்டுநர்களுக்குத் தெரிந்திருந்தது. அது தெருவோரப் பட்டறைவரை இறங்கி வரவில்லை.

ஆகவே சங்கரன்கோவில் பதிவு அலுவலக எல்லையில் இன்று ஒரு காண்டசாவை வாங்கியவரின் திட்டத்தில் முதல் செலவு பிரேக்குக்கு: மாஸ்டர் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், வீல் சிலிண்டர் எல்லாம் புதிதாக. அடுத்து ஸ்டியரிங் மூட்டுகளும் டயரும். பிறகு வயரிங், பழைய காரில் தீப்பிடிப்பதற்கு முதல் காரணம் வெடித்துப்போன வயர்தான். அதன்பின் ரேடியேட்டர், ஏனென்றால் சித்திரை வெயிலில் இந்தச் சீமையில் எந்தப் பழைய இன்ஜினும் முதலில் தோற்பது சூட்டிடம்தான். இவை எதுவும் காரின் அடையாளத்தைத் தொடுவதில்லை. இன்ஜின் கடைசியில். வாங்கியது 1489 சிசி கார் என்றால், அதைச் சரியாக ரீபோர் செய்து அதன் வேகத்திலேயே ஓட்டலாம். இசுசூ வேண்டும் என்பவர் இசுசூவோடு பிறந்த காண்டசாவைத் தேடி வாங்குவது நல்லது. 2002வரை உற்பத்தி இருந்ததால் அது தேடினால் கிடைக்கும். முன்பே டீசல் ஏறிய கார் என்றால், அதைச் செய்த பட்டறையின் பெயரையும் ஆண்டையும் விசாரித்து எழுதி, பதிவுப் புத்தகத்தில் இன்ஜின் எண் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, அந்த டீசலையே காப்பாற்ற வேண்டும். கழற்றிய உறுப்பு எதையும் பழைய இரும்புக்குப் போட வேண்டாம். எண்ணெய் பூசி, சாக்கில் கட்டி, எந்தக் காரினுடையது என்று எழுதி வைத்தால் போதும். முதல் காண்டசாக்கள் 50 வயதைத் தொடுவது 2034இல்தான். வின்டேஜ் விதிகள் அதற்குள் நம் பட்டறைகளின் வேலையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும்படி திருத்தப்பட வேண்டும். பதிவான பழைய மாற்றத்தோடு வரும் காருக்கென்று ஒரு தனிப் பிரிவு போதும். அதைக் கேட்கும்போது காட்டுவதற்குக் கார்களும் காகிதங்களும் நம்மிடம் இருக்க வேண்டும்.