எண்ணூர்க் கடலோரமும் வழக்கறிஞரின் இணையப் பேச்சும்

குயிக்கர், சுலேகா, ஜஸ்ட்டயல் போன்ற தளங்கள் வழியே வழக்குப் பிடிக்கும் வழக்கறிஞர்கள்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வழிசெய்யுமாறு, 2024 ஜூலை 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் இந்திய பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் ஆகியோர் அமர்வு அது. வக்கீல்களுக்குத் தரவரிசை போட்டுக் கடைச்சரக்காக அடுக்கும் போக்கை அத்தீர்ப்பு கண்டித்தது. அதில் குறை சொல்ல ஏதுமில்லை. 2025 மார்ச்சில் பார் கவுன்சில், சமூக ஊடகப் பிரபலங்களைக் கொண்டு செய்யப்படும் விளம்பரங்களுக்கு எதிராகவும் எச்சரித்தது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும் இளம் வக்கீல், இணையத்தில் சட்டமே பேசாமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்று முடிவுகட்டிவிடுகிறார். அந்த முடிவு விதியிலிருந்து பிறப்பதில்லை என்பதும், அதன் விலையைக் கொடுப்பவர்கள் வடசென்னை மீனவர், ஒப்பந்தத் தொழிலாளர் போன்றவர்களே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பார் கவுன்சில் விதி 36 இணையத்துக்கு முந்தைய காலத்தது. சுற்றறிக்கை, தரகர், தேவையற்ற நேர்காணல், தான் நடத்தும் வழக்கையொட்டி நாளேட்டில் படம் வரச் செய்வது என்று அது தடுப்பவை எல்லாம் ஆளைத் தேடிப்போய் வழக்கு வாங்கும் வழிகள். பெயர்ப் பலகைகூட அளவாக இருக்க வேண்டும். 2008இல் வந்த திருத்தம் வழக்கறிஞர் தமக்கென இணையதளம் வைத்துக்கொள்ள இடம் கொடுத்தது: பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், பதிவு விவரம், கல்வித் தகுதி, எந்தத் துறையில் வழக்காடுகிறார் என்பது. அவ்வளவுதான். சுவரில் தொங்கிய பலகை திரைக்கு வந்தது. சட்டத்தை விளக்கி எழுதுவது குற்றம் என்று விதி 36 எங்கும் சொல்லவில்லை.

நடைமுறையில் இணையத்தில் சட்டம் பேசுவதற்கான இந்தத் தயக்கம் எல்லாரையும் ஒரேபோல் கட்டுப்படுத்துவதும் இல்லை. துறைமுகத்தையே எடுத்துக்கொள்வோம். 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கடல்சார் வழக்குச் சட்டப்படி, பாக்கி வைத்த கப்பலைச் சிறைப்பிடிக்க ஆணை பெற வேண்டுமானால் அது இந்தியக் கடல் எல்லைக்குள் நின்றாக வேண்டும். ஆகவே கடல்சார் வக்கீலின் மேசையில் சட்டப் புத்தகத்துக்குப் பக்கத்தில் மெரைன்டிராஃபிக் போன்ற தளமும் திறந்திருக்கும். கப்பலின் தானியங்கி அடையாளக் கருவி அனுப்பும் சமிக்ஞையை வைத்து, அது எண்ணூரிலுள்ள காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருக்கிறதா, கொழும்புக்குக் கிளம்பிவிட்டதா என்று பார்த்துத்தான் மனுவைத் தயாரிப்பார்கள். அந்த அலுவலகங்கள் கப்பல் சிறைப்பிடிப்பு பற்றி ஆங்கிலத்தில் நீண்ட விளக்கங்களை இணையத்தில் இடுவதும் வழக்கம். வெளிநாட்டுக் காப்பீட்டுச் சங்கம் அதைப் படித்துத்தான் வருகிறது. அதை யாரும் விளம்பரம் என்று சொல்வதில்லை. எண்ணூர்க்காரருக்குத் தமிழில் யூடியூபில் சட்டம் சொன்னால் மட்டும் ‘ஆள் பிடிக்கிறான்’ என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது.

அப்படிச் சொல்ல என்னதான் இருக்கிறது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்தது. சுமார் 20 சதுர கிலோமீட்டருக்கு அது பரவியிருந்ததாகக் கடலோரக் காவல்படை கண்டது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இரண்டையும் தாமாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. எண்ணெய் பாதித்த மீனவக் குடும்பங்களுக்கு அரசு 12,500 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. நிவாரணம் வேறு, இழப்பீடு வேறு. 2010ஆம் ஆண்டின் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் மனுச் செய்ய ஆறு மாதமே கெடு. 15ஆம் பிரிவில் இழப்பீடு கேட்க ஐந்தாண்டு உண்டு. அதாவது 2028 டிசம்பர் வரை. இந்த ஒரு வரி எண்ணூரையொட்டிய காட்டுக்குப்பத்து வலைக்கூடத்தில் யாருக்காவது தெரியுமா என்பதே கேள்வி. தெரிவிப்பவர் வழக்குத் தேடுகிறார் என்றால், காலக்கெடுவை மக்களிடமிருந்து மறைப்பதுதான் தொழில் தர்மம் என்றாகிவிடும்.

எதிர்வாதம் லேசானதல்ல. 1984இல் போபாலில் விஷவாயு கசிந்ததும் அமெரிக்க வக்கீல்கள் விமானம் ஏறி வந்து பாதிக்கப்பட்டவர்களிடம் வக்காலத்துகளில் கைநாட்டு வாங்கினார்கள். வழக்கு நடத்தும் உரிமையை முழுவதுமாக அரசே எடுத்துக்கொண்ட 1985ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அந்தப் படையெடுப்பும் ஒரு காரணம். நம் ஊர் விபத்து வார்டுகளில் சுற்றும் தரகரை அறியாதவர் யார்? இணையம் அந்தத் தரகருக்கு இன்னொரு வாசலாகலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1977இல் பேட்ஸ் வழக்கில் வக்கீல் விளம்பரத்தை அனுமதித்தது; அந்த வழி நமக்கு வேண்டாம் என்பதே என் கருத்தும். ஆனால் போபாலில் நடந்தது விளக்கமல்ல, வேட்டை. இரண்டையும் ஒரே தடைக்குள் போட்டால் தப்பிப்பது தரகர்தான். அவர் பதிவு போடுவதில்லை, நேரில் வருகிறார்.

விளக்கம் முன்கூட்டியே பொதுவெளியில் கிடைக்க வேண்டியதற்கு வலுவான காரணம் சாட்சியத்தில் இருக்கிறது. படகில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கை மீனவர் கைப்பேசியில் எடுக்கிறார், வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார், இடம் போதவில்லை என்று மூலத்தை அழித்துவிடுகிறார். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது எடுத்த நேரம், இடம் போன்ற உள்விவரங்கள் கழன்றுபோகின்றன. பசுமைத் தீர்ப்பாயத்தில் இதனால் பெரிய கேடில்லை. சாட்சியச் சட்டத்தின் விதிகள் அதைக் கட்டுப்படுத்தா என்று பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்கிறது. உரிமையியல் வழக்குக்கோ குற்ற வழக்குக்கோ போனால் கதை வேறு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவின் நகலோடு அதன் ஹாஷ் எண்ணை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்) காட்டும் சான்றிதழைக் கேட்கிறது. ஒரு பகுதியில் தாக்கல் செய்பவரும் மறு பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். பலமுறை கைமாறிய கோப்புக்கு, இது என் கருவியில் பதிவானபடியே இருக்கிறது என்று யார் கையெழுத்துப் போடுவார்? ‘மூலப் படத்தை அழிக்காதீர்கள், அந்தப் போனை மாற்றாதீர்கள்’ என்ற அறிவுரை வக்காலத்தில் கையெழுத்தான பிறகு வந்து பயனில்லை. கட்சிக்காரர் ஆவதற்கு முன்பே அது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

நீதிமன்றங்கள் இணைய எழுத்தைப் பொருட்படுத்தாமலும் இல்லை. மும்பை தேவனார் குப்பைமேடு பற்றி ஓர் இணையச் செய்தித்தளத்தில் வந்த கட்டுரையைக் கொண்டு பசுமைத் தீர்ப்பாயம் தாமாக வழக்கெடுத்ததிலிருந்து எழுந்த வழக்கில்தான், அந்த அதிகாரம் அதற்கு உண்டு என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆக, மாநில பார் கவுன்சில் ஒரு சுற்றறிக்கையில் கோட்டைத் தெளிவாகப் போடலாம். பதிவின் பேசுபொருள் படிப்பவரின் உரிமையா, எழுதுபவரின் திறமையா என்று பார்த்தாலே பெரும்பாலானவை பிரிந்துவிடும். காலக்கெடு, மனுப் படிவம், சான்றிதழ் முறை, இலவச சட்ட உதவி மையத்துக்குப் போகும் வழி ஆகியவை ஒரு பக்கம். வென்ற வழக்குகளின் பட்டியல், கட்சிக்காரர் நன்றி சொல்லும் காணொளி, கட்டணத் தள்ளுபடி ஆகியவை மறுபக்கம். காணொளியின் கடைசியில் வரும் தொலைபேசி எண்தான் சிக்கல். இணையதளத்தில் எண் இருக்கலாம் என்று 2008 திருத்தமே அனுமதித்திருப்பதால், எண்ணை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது. ஆனால் கசிவு நடந்த அதே வாரத்தில், பாதிக்கப்பட்ட குப்பத்தின் பெயரைச் சொல்லி, ‘உடனே அழையுங்கள்’ என்று எண்ணைக் காட்டும் பதிவை விளக்கம் என்று நானும் சொல்ல மாட்டேன்.