சலகெருது

ஓரிடத்தில் நிற்காமல் துள்ளும் பிள்ளையைப் பார்த்து எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) கேட்பார்: "ஏஞ்சாமி, இப்புடி சலகெருதாட்டங் குதிக்கற?" வசவுதான். ஆனால் உடுமலைப்பேட்டைப் பக்கத்து ஊர்களில் அந்தக் காளைக்கு இருந்த மரியாதை தெரிந்தவர்களுக்கு அதில் பாதி செல்லம் என்பதும் தெரியும்.

பொங்கலையொட்டிப் பிறக்கும் காளைக்கன்றைச் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமாலுக்கு நேர்ந்து விடுவார்கள்; அதுதான் சலகெருது. மாடு வளர்ப்பவர்களின் சாமி ஆல்கொண்டமால். பொங்கல் நாட்களில் கறந்த பால் அபிஷேகத்துக்குப் போகும். மாடு கன்று நோயில்லாமல் இருக்க மண் உருவாரங்கள் வைப்பார்கள்.

நேர்ந்துவிட்ட கன்றின் கழுத்தில் நுகம் ஏறாது. இது எவ்வளவு பெரிய காரியம் என்று இன்று சொன்னால்தான் புரியும். பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்கால் தண்ணீர் 1960களில்தான் வந்தது. அதற்கு முன் மலை மறைவில் மழை குறைந்த காடு, ஆழக் கிணறு. கவலை இறைக்கவும் ஏர் ஓட்டவும் பருத்திப் பொதி ஏற்றவும் காளைதான். அந்த வறட்சியிலும் திடமான ஒரு காளைக்கு வேலை வைக்காமல் பருத்திக்கொட்டை ஆட்டி ஊற்றினார்கள்.

ஆனால் அதன் துள்ளல் தானாக வந்ததல்ல. மார்கழி இரவுகளில் உறுமி முழங்க, இளவட்டங்கள் அதைப் பழக்குவார்கள். கையில் நீண்ட மூங்கில் கழிகள். உறுமி அடிக்குக் கால் மாற்றிப் போட்டு நெருங்க, காளை பாய்ந்து வரும். கழியால் தடுத்து, தாளம் தப்பாமல் பின்வாங்க வேண்டும். சலகெருது மறித்தல் என்பது இதுதான். தேவராட்டம் ஆடும் கம்பளத்து நாயக்கர்கள் இதில் தேர்ந்தவர்கள். திமிலைப் பிடித்துத் தொங்கும் வேலையே இதில் இல்லை. 2017இல் ஜல்லிக்கட்டுக்காகத் தமிழகமே திரண்டபோது, காளையோடு ஆட மட்டுமே செய்யும் இந்த வழக்கம் பேச்சில் வராமல் போனதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

பொங்கலுக்கு மணி கட்டி, கொம்பு சீவி, கொட்டோடு கோயிலுக்கு ஓட்டி வருவார்கள். இப்போது உழவுக்கு டிராக்டர், பாலுக்குக் கலப்பின மாடு. காளைக்கன்றை வைத்துத் தீனி போடக் கணக்குப் பார்க்கும் காலம். அப்படியும் நேர்ச்சைக் கன்றை விற்காமல் வளர்க்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்குத் தீவனச் செலவில் கொஞ்சமும், மார்கழி முழுக்க அடிக்கும் உறுமிக்காரருக்கு நியாயமான கூலியும் ஊர்ப் பொதுப்பணத்திலிருந்து வர வேண்டும் என்று எங்கள் ஊர்க் கூட்டத்தில் கேட்டிருக்கிறேன். இந்தத் தைக்கு முன்பும் கேட்பேன்.